35 வயதாகாத தலைவர்கள்

எங்கள் கல்லூரியின் இளைஞர் தலைமைப் பண்புக் குழுவில் தொண்டர்கள் கிடையாது. எல்லாருமே தலைவர்கள். டி-ஷர்ட்டின் முதுகிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள், ஆளுக்கொரு 'லீடர்'. ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் அளவு கிடைக்காமல் சாதாரணச் சுடிதாரில் வந்திருந்தாள். அவள் கையில்தான் தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி, வாந்தி வருபவர்களுக்கான எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கல்விச் சுற்றுலா என்று சொன்னால்தான் முதல்வர் கையெழுத்துப் போடுவார் என்பதால் இது கல்விச் சுற்றுலா. வேலூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி உத்திரமேரூர், வேடந்தாங்கல், மாமல்லபுரம் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்ப வேண்டும். திட்டத்தைத் தாளில் பார்த்த ஓட்டுநர், "சார், இதுல மதியச் சாப்பாடு எங்க வருது?" என்று மட்டும் கேட்டார். அதற்கு உணவுக் குழு இருக்கிறது என்றேன். நேரக் குழு, ஒழுங்குக் குழு, பாட்டுக் குழு, போட்டோக் குழு, இவற்றுக்கிடையே சண்டை வந்தால் தீர்க்க ஒருங்கிணைப்புக் குழு என்று எல்லாமே இருந்தன. ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து ஆறேகாலுக்குக் கிளம்பியதும், நேரக் குழுத் தலைவரைப் போய் எழுப்பிக் கூட்டி வர வேண்டியிருந்ததால்தான்.

காஞ்சிபுரத்தில் காலைச் சாப்பாடு. மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியா, பொங்கலா என்று பேருந்துக்குள் வாக்கெடுப்பு நடந்தது. இட்லி ஜெயித்தது. இறங்கிப் போன கடையில் பூரிதான் இருந்தது.

உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டது. உள்ளே சுவர் முழுக்க எழுத்து. பெரிய கோபுரத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இதற்காகத்தானே வந்தது.

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இவை. 919-ல் ஒன்று, 921-ல் இன்னொன்று. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக்கொண்டு, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று சொன்னதும், "அப்போ நம்ம மாதிரியே கமிட்டி!" என்று ஒருங்கிணைப்புக் குழு நெஞ்சை நிமிர்த்தியது.

தகுதிகளைச் சொல்ல ஆரம்பித்ததும் நெஞ்சு இறங்கியது. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் சொந்த நிலம் வேண்டும். தன் மனையில் தானே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள்.

"919-லயும் இதே வயசா சார்?"

"இல்லை. அதில் 30 முதல் 60 வரை."

"ரெண்டே வருஷத்துல அஞ்சு வயசு ஏத்திட்டாங்களா? எங்களை மாதிரி யாரோ உள்ள போய் ஏதோ பண்ணிருக்காங்க சார்."

வரலாற்றாசிரியர்கள் இதற்கு என்ன விளக்கம் சொல்கிறார்களோ, எனக்கு இந்த விளக்கம் பிடித்திருந்தது. கழுதை மேல் ஏறியவனுக்கும் பதவி கிடையாது என்றேன். கடைசியில் நின்றவன் கையைத் தூக்கி, "கழுதை மேல ஏறினதில்ல சார். ஆனா கழுதையேதான்னு எங்கப்பா தினமும் சொல்றாரு. அது பரவால்லையா?" என்றான்.

சுடிதார்ப் பெண் மட்டும் சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இதுல பொண்ணுங்க எங்க சார்?" என்றாள். எங்கேயும் இல்லை. இது பிராமணர் ஊர், வேதம் படித்த ஆண்களுக்கு மட்டும்தான் என்றேன். "குடவோலை, ஜனநாயகம்னு புக்ல போட்டிருந்தாங்களே" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தச் சுவரைப் பற்றி அன்று கேட்டதில் உருப்படியான கேள்வி அதுதான்.

எல்லாருக்கும் பிடித்துப்போன விதி இன்னொன்று. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமல்ல, தாய்மாமன், மாமனார், சகோதரியின் கணவர், மருமகன் என்று சொந்தபந்தம் யாருமே வர முடியாது. பொருளாளன் அப்போது கல்வெட்டைப் பார்க்காமல் பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

வேடந்தாங்கலில் பாட்டுக் குழுவின் ஸ்பீக்கரை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்கார சிப்பாய்களை எதிர்த்து 1798-லேயே கலெக்டர் வரை போனது இந்த ஊர். தீபாவளிக்கும் வெடி வெடிக்காதவர்கள், நம் குத்துப்பாட்டையா விடுவார்கள்? ஏரிக்குள் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஒரே சந்தடி. போட்டோக் குழு தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டது. பின்னால் மங்கலாகத் தெரியும் வெள்ளைப் புள்ளிதான் கரண்டிவாயன் என்று பிறகு சொன்னார்கள். மதியச் சாப்பாடு? ஆளுக்கு இரண்டு பிஸ்கட் பாக்கெட் என்று உணவுக் குழு அறிவித்தது.

மாமல்லபுரம் போய்ச் சேரும்போது அடைக்கும் நேரம் நெருங்கிவிட்டது. வண்டி நிறுத்தும் இடத்தில் ரசீதுக்காரர் வந்து, "லீடர் யாருப்பா?" என்றார். அத்தனை பேரும் திரும்பி முதுகைக் காட்டினார்கள். மனிதர் ஒரு கணம் யோசித்துவிட்டு, முதுகில் ஒன்றும் எழுதாத பெண்ணிடம் ரசீதைக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு போனார்.

ஓட்டமும் நடையுமாக வெண்ணெய் உருண்டைப் பாறை. ஆளுக்கொரு தடவை தாங்கிப் பிடித்ததில் அது விழாமல் தப்பியது. அங்கிருந்து அர்ச்சுனன் தபசு. யானைகளைப் பார்த்துவிட்டு நகரப் பார்த்தவர்களை இழுத்து நிறுத்தி, யானைக் காலடிப் பக்கம் இருக்கும் பூனையைக் காட்டினேன். மேலே தவசி நிற்கிற அதே தினுசில் முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது. விலா எலும்பு தெரிகிறது. அதன் காலடியில் நம்பி வந்த எலிகள்.

"சார், தலைமைப் பண்புன்னு ஒரு செமஸ்டர் பூரா எடுத்தீங்களே. இதைக் காட்டியிருந்தா ஒரு பீரியட்ல முடிஞ்சிருக்கும்."

திரும்பும் வழியில் பொருளாளன் எழுந்து அறுபது ரூபாய் இடிப்பதாகச் சொன்னான். பேருந்து அதற்காகவே காத்திருந்தது. அங்கேயே சபை கூடியது. கல்வெட்டுப்படி அவன் இனி எந்தப் பதவிக்கும் வர முடியாது, சொந்தபந்தத்துக்கும் இடமில்லை என்று தீர்ப்பு. அவன் அசரவில்லை.

"டேய், காலையிலேர்ந்து என்னை மச்சான்னு கூப்பிட்டவன்லாம் கையைத் தூக்குங்கடா."

தூக்கிய கைகளைப் பார்த்தால் குழுவே கலைந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஓட்டுநர் ஒருவர்தான். வயது 35 தாண்டியவர், சொந்த வீடு, ஊரில் கொஞ்சம் நிலமும் உண்டு. "அண்ணே, நீங்கதான் அடுத்த தலைவர்" என்று கை தட்டினார்கள்.

"எங்க ஓனருக்குக் கணக்குக் காட்டவே எனக்கு நேரம் சரியா இருக்கு. டீக்கு நிறுத்தணுமா, வேணாமா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

உடனே ஓட்டெடுப்பு என்றார்கள். ரகசிய ஓட்டா, கை தூக்குவதா என்பதிலேயே இரண்டு கட்சியானது. பிஸ்கட் அட்டையைக் கிழித்து ஓலையாக்கி, யாரோ தொப்பியைக் குடமாக்கி, எடுக்கச் சிறுவன் கிடைக்காமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தபோது, வண்டி செங்கல்பட்டு தாண்டி ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தது. ஓட்டுநர் கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்து ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று சுடிதார்ப் பெண் பஜ்ஜிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.