பசளைப் பண்டிதருக்கு

உயர்தரத்துக்கு உயிரியல் படிக்கிற தம்பி, கொஞ்சம் இதிலை வந்து இரும். கொச்சிக்கடையிலை எங்கடை ஒழுங்கைக்கே உம்மாலை பெருமை. கொம்மா பெயின்ற் வாளியிலை ஆசையாய் வளர்த்த மிளகாய்க் கண்டை ஒரே இரவிலை தலைதொங்க வைச்சீரே, அந்தப் பெருமையைத்தான் சொல்லுறன்.

ஒரு பிடி பசளைக்கு ஒரு கூடை காய் எண்டால், நாலு பிடிக்கு நாலு கூடையோ? நல்ல கணக்கு! கணக்குப் பாடம் எடுக்காமல் விட்டது புத்திதான்.

மண் சொதசொதவெண்டு ஈரம், இலை மட்டும் வாடிக் கிடக்குது. ஏனெண்டு கேட்டால் முழுசுறீர். நீர் விடிய விடியச் சத்தம்போட்டுப் பாடமாக்கினதாலை பக்கத்து வீட்டுச் சுவருக்கு இந்தப்பக்கம் எனக்கே பாடம் வந்திட்டுது. சுத்தத் தண்ணியின்ரை நீரழுத்தம் சைபர். உப்போ சீனியோ கரையக் கரைய அது சைபருக்குக் கீழை இறங்கும். தண்ணி கூடின பக்கமிருந்து குறைஞ்ச பக்கத்துக்குத்தான் போகும். வேர்க்கலத்துச் சாறு மண்தண்ணியை விடக் கீழை இருக்கும் வரைக்கும் தண்ணி உள்ளை வரும், கலமும் விறைப்பாய் நிற்கும். பசளையும் உப்புச் சாதிதான், ஐயா! நாலு பிடி போட்டு மண்ணைக் கீழை இறக்கினீர். உள்ளை இருந்த தண்ணியும் வெளியாலை நடையைக் கட்டீட்டுது. ரியோ இலைத்தோலைச் சீனிக் கரைசலிலை போட்டு, ஊதாச் சாறு சுவரை விட்டு ஒதுங்கினதை வடிவாய்ப் படம் கீறினீரே, அதேதான் இது.

களனி கங்கைக்கு அங்காலை முத்துராஜவெல கிடக்குது. முந்தி நெல் விளைஞ்ச நிலமெண்டு சொல்லுவினம். கடல்தண்ணி ஏறிக் கெட்டுப்போச்சு. கடல்தண்ணி சைபருக்குக் கீழை 2.5 மெகாபஸ்கால் மட்டிலை நிற்கிறது. நெல்வேர் அதோடை எப்பிடி இழுபறிப்படும்? கண்டல் மரத்தாலை ஏலும். அது தன்ரை சாற்றை அதுக்கும் கீழை வைச்சிருக்குது. 1802 இலை வெள்ளைக்காரன் அந்த உப்புத்தண்ணியை வடிக்கத்தான் ஹமில்டன் கால்வாயைத் தோண்டத் தொடங்கினான், 1804 இலை முடிச்சான்.

உமக்குக் கால்வாய் வேண்டாம், ஒரு ஆணியும் சுத்தியலும் காணும். வாளியின்ரை அடியிலை நாலு ஓட்டை போட்டு, நல்ல தண்ணியை வடிய வடிய ஊத்தும். கண்டு தப்பினாலும் தப்பும். அந்தப் பசளைப் பையை மட்டும் இப்பவே என்னட்டைத் தந்திட்டுப் போம்.