அப்புச்சி பேசி முடிச்ச சம்பந்தம்

அம்மிணி, அந்த டப்பாவை இக்கட்டால தள்ளு, பாப்போம். ஊட்டி ஸ்ட்ராபெரியா? மேட்டுப்பாளையம் எறங்கி பொள்ளாச்சி வந்து சேர்றதுக்குள்ள பாதி நசுங்கியிருக்குமே. அரைக்கிலோ இருக்குதா? ரூம்ல கூட இருக்கற புள்ளைங்க ரெண்டு பேருக்குன்னுதான சொன்னே? ரெண்டு பேருக்கு அரைக்கிலோ! இருக்கட்டும், இருக்கட்டும். இந்தக் காலத்துப் புள்ளைங்க நல்லாத் திங்குதுக போல. நான் என்னத்தைக் கேட்டுட்டேன், கம்முனுதான உக்காந்திருக்கேன்.

அந்தக் கருப்புப் பாளம் கால்கிலோ என்ன வெலை? அடேங்கப்பா! நம்ம தோப்புல தென்னைக்கு ஊடால நிக்குதே கோக்கோ, அந்தக் காய வெட்டி, வெள்ளைச் சதையோட கொட்டையை அஞ்சாறு நாளு மூடிவெச்சுப் புளிக்க உட்டு, வாசல்ல காயப்போட்டு, அணிலும் எலியும் தின்னது போக மிச்சத்தை மூட்டை கட்டி வித்தவன் நானு. எங்கைக்கு வந்த காசையும் உங்கையில இருக்கற பாளத்தையும் பாத்தா, நடுவுல ஒருத்தன் நல்லாப் பொழைச்சிருக்கான்னு தெரியுது. சரி, அவனும் புள்ளகுட்டிக்காரனா இருப்பான்.

அட்டையைத் திருப்பிப் படி. தாவரக் கொழுப்புன்னு போட்டிருந்தா அது காம்பவுண்டு. உருக்கி முக்குனாத் தானா எறுகிக்கும், தொந்தரவில்லை. ஆனா வாயில சட்டுனு கரையாது. கோக்கோ பட்டர்னு போட்டிருக்குதா? அப்ப அசலு. அசலுன்னா அனுசரிச்சுத்தான் போகோணும்.

நீ இப்பப் பண்றது சமையல் இல்லை கண்ணு, சம்பந்தம். பழத்துல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு தண்ணி. சாக்லேட்டுக்குத் தண்ணின்னாலே ஆகாது. உருகுனதுல ஒரு சொட்டு உழுந்தாப் போதும், சக்கரைத் தூளெல்லாம் நனைஞ்சு ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு, வழவழன்னு இருந்தது கட்டிகட்டியாத் திரைஞ்சுக்கும். கொஞ்சூண்டு தண்ணிக்குத்தான் இந்த மொரண்டு. அதுலயே ரெண்டு மூணு கரண்டி சுடுதண்ணி ஊத்திக் கலக்குனாச் சாதுவாக் கொழம்பாயிரும். ஆனா பழத்து மேல நிக்காது, ஐஸ்கிரீமுக்குத்தான் ஆகும். ஆகாத ரெண்டு குடும்பம்னு தெரிஞ்சே பேசி முடிக்கோணும்.

காம்பையும் எலையையும் கிள்ளாமக் கழுவு. தோள் வெளுத்த பழத்தை ஒதுக்கிரு. வாழைத்தாருக்குப் போடற மூட்டம் இதுக்கு ஆகாது, செடியை உட்டுப் பிரிஞ்சா அதுக்குமேல பழுக்காது. நசுங்குனதையும் எடுத்துரு, சாறு ஒழுகும். அந்த ரெண்டையும் இங்க போடு, வீணாப் போகவேண்டாம். மத்ததை வேட்டித் துணியில ஒத்தியெடுத்து ஃபேனுக்கடியில ஒரு மணி நேரம் பரப்பு. ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்த கையோட முக்குனியா, சில்லுனு இருக்கற பழத்து மேல காத்து ஈரம் வேர்த்து நிக்கும். போனு மூணாந் தடவையா அடிக்குது பாரு. எடுத்துப் பேசு சாமி, அப்புச்சிக்குக் காது மந்தம்னு உங்கம்மா சொல்லியிருப்பாளே.

பேசியாச்சா? மூஞ்சி நல்லாத் தெளிஞ்சிருக்குது. போசியில தண்ணி கொஞ்சமா வெச்சு மேல வட்டலை வெய்யி, வட்டலோட அடி தண்ணியைத் தொடக்கூடாது. பாளத்துல மூணுல ரெண்டு பங்கை உருக்கு. 45 டிகிரியைத் தாண்டுனதும் எறக்கிரு, 50க்கு மேல போக உடாதே. வட்டலோட அடியைத் தொடைச்சிரு, ஈரம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். மிச்ச ஒரு பங்கை நுணுக்கிப் போட்டு, 31, 32 டிகிரிக்கு வாற வரைக்கும் கலக்கிக்கிட்டே இரு. கோக்கோ கொழுப்பு ஆறு விதமா ஒறையுமாம். அதுல ஒண்ணுதான் பளபளன்னு நின்னு, கடிச்சா டக்குனு ஒடியற விதம். புதுசாப் போட்ட துண்டுக அந்தக் குணத்தை உருகுனதுக்குச் சொல்லிக் குடுக்கும். தெர்மாமீட்டர் இல்லையா, ஒரு பொட்டு எடுத்து ஒதட்டுல வெய்யி, சித்தெ சில்லுனு தெரியோணும். கத்தி நுனியில தடவி அஞ்சு நிமிசத்துல எறுகிப் பளபளத்தாச் சரி. அவசரப்பட்டு முக்குனா எறுகாம நேரத்தைக் கடத்தும், பொறகு சாம்பல் பூத்து நிக்கும். நீ அவசரப்படுவே. உங்கப்பன் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, காப்பி ஆறறதுக்குள்ள தலையாட்டிப்போட்டா உங்கம்மா. அவ புள்ளைதான நீயி.

எலையைப் புடிச்சு முக்கி, ஒரு சுத்துச் சுத்தி, சொட்டற வரைக்கும் சொட்ட உட்டுப் பட்டர் பேப்பர்ல வெய்யி. அவ்வளவுதான், இதுக்குப் போயி ஒரு வீடியோ.

இந்தப் பழத்தோட பூர்வீகம் தெரியுமா உனக்கு? கோக்கோ பாக்க வந்த தோட்டக்கலை ஆபீசரு ஒருத்தர் சொன்னாரு. ஃப்ரேசியேன்னு ஒரு பிரெஞ்சு ராணுவ எஞ்சினீயரு, சிலி நாட்டுல ஸ்பானியக் கோட்டைகளை வேவு பாக்கப் போனவன், 1714ல திரும்பி வாறப்பப் பெரிய பழம் காய்க்கற செடியக் கொண்டாந்தான். கப்பல்ல பொழைச்சுக் கரை சேந்தது அஞ்சு. நட்டா எலை வந்துச்சு, பூ வந்துச்சு, காய் மட்டும் வரலை. பாத்தா அத்தனையும் பொண்ணுச் செடி. பொறகு வட அமெரிக்காவுல இருந்து வந்த வர்ஜீனியாச் செடி பக்கத்துல நின்னு மகரந்தம் சேந்து பொறந்ததுதான் உன்ற டப்பாவுல இருக்கற சாதி. சிலி எங்க, வர்ஜீனியா எங்க, ரெண்டும் சந்திச்சது பிரான்சு நாட்டுத் தோட்டத்துல. சாதகம் பாத்தாங்களா, பெரியவங்களைக் கேட்டாங்களா? பழம் பெருசாத்தான வந்திருக்குது! நான் பொதுவாச் சொல்றேன்.

முக்குனதை அன்னிக்கே தின்னுபோடோணும். ஃப்ரிட்ஜுல கெடந்தா வெளிய எடுத்ததும் வேர்க்கும். வெளியவே கெடந்தாப் பழம் சாறு உட்டு ஓடு கழண்டுக்கும். இதைய நீ அந்தச் செவப்பு ரிப்பன் பொட்டியில போட்டு, ஆமா, அதையும் பாத்துட்டேன், நாளைக்குக் கோயமுத்தூர் பஸ்ஸுல கொண்டு போறதா ரோசனையா? மாசி வெயிலு பஸ்ஸுக்குள்ள 34 டிகிரியைத் தொட்டா உன்ற பளபளப்பு அத்தனையும் உருகிப் பொட்டியோட ஒட்டிக்கும். நாளைக்கு 14ஆந் தேதிதான? பேசாம அந்தத் தம்பியை இங்க வரச்சொல்லு. உங்கம்மாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். வாறப்ப அரைக்கிலோ பழம் சேத்து வாங்கியாறச் சொல்லு, இதுல கால்வாசியப் பழமை பேசிக்கிட்டே நாந் தின்னுபோட்டேன்.