சந்தனக் கலர் சட்டைக்கு என்ன டை?

லண்டன்

அன்புள்ள மாமாவுக்கு, மருமகன் எழுதுவது.

மாப்பிள்ளையின் ரிசப்ஷனுக்கு மதுரையில் கோட் தைக்கக் கொடுத்தாச்சு, சந்தனக் கலர் சட்டையும் எடுத்தாச்சு, "டை என்ன கலர்னு நீ சொல்லு, நீதானே அங்க டை விக்கிற" என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லலாம் என்றால் அத்தை நடுவில் புகுந்து "என்ன குழம்பு வச்ச" என்பாள். டை அதோடு போச்சு. அதனால் எழுதுகிறேன்.

சட்டையும் டையும் ஒரே துணியில் ஒரே பெட்டியில் வைத்து விற்பார்கள். அதைத் தொடாதீர்கள். தள்ளி நின்று பார்த்தால் டை கட்டியதே தெரியாது, கட்டிய கஷ்டம்தான் மிச்சம். சட்டையைவிட டை அடர்த்தியாக இருக்க வேண்டும். சட்டையில் கோடு இருந்தால் டை வெறும் நிறம். இரண்டிலும் கோடு என்றால் ஒன்று பொடிக்கோடு, மற்றது பட்டைக்கோடு. நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டால் போதும். மொத்த சாஸ்திரமும் இவ்வளவுதான். இதைச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம்.

பொண்ணு சேலை அரக்கு, டையும் அரக்காக இருக்கட்டும் என்று அத்தை சொன்னது சரி. சந்தனத்தின் மேல் அரக்கு நன்றாக எடுக்கும். வெற்று அரக்கு. கோடு போட்டது வேண்டவே வேண்டாம்.

ஏன் என்றால், இந்த ஊரில் டையில் போடும் கோடுகளுக்கெல்லாம் பட்டா இருக்கிறது மாமா. கருநீலமும் மெரூனும் மாறி மாறி வந்தால் அது ராஜாவின் அரண்மனையைக் காக்கிற பட்டாளத்துக்காரர்களுடையது. நீலம் அரச குடும்பத்து ரத்தமாம், மெரூன் சிப்பாய் ரத்தமாம். மஞ்சளும் சிவப்பும் என்றால் 1787இல் ஆரம்பித்த மேரிலபோன் கிரிக்கெட் கிளப். அதில் சேரப் பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பங்குனிப் பொங்கலுக்கு நம் மாரியம்மன் கோயில் பக்கம் வந்தால் ஊரே உறுப்பினர்தான். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கோடு, காலேஜுக்கு ஒரு கோடு, படகு வலிக்கிற சங்கத்துக்கு ஒரு கோடு. கோடு இறங்கும் திசைக்கும் கணக்கு உண்டு. கட்டியவனின் இடது தோள் பக்கமிருந்து வலப்பக்கம் இறங்கினால் பிரிட்டிஷ். புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் கடை இதைத் திருப்பிப் போட்டு விற்றது, அதனால் அந்த ஊரில் வலமிருந்து இடம். ஒருத்தன் நெஞ்சைப் பார்த்தே எந்த நாடு என்று இப்போது சொல்லிவிடுவேன். இதற்கா எம்.பி.ஏ. என்று அப்பா கேட்டால், நான் எழுதவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

போன வாரம், பழைய துணி விற்கிற கடையில் இரண்டு பவுண்டுக்குக் கிடைத்த கருநீல மெரூன் டையோடு வேலைக்கு நின்றேன். வந்த பெரியவர் ஒருவர் என் கழுத்தைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி விறைப்பாக நின்றார். எந்த பட்டாலியன் என்றார். ஊரைக் கேட்கிறார் என்று நினைத்து, சூலக்கரை என்றேன். ஆப்கானிஸ்தானிலா என்றார். இல்லை, விருதுநகர் பக்கம் என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கை குலுக்கிவிட்டுப் போனார். அந்த டையை மேனேஜர் வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். இன்னும் தரவில்லை.

இதில் எனக்குள்ள ஆத்திரம் வேறு. டையை யாரும் துவைப்பதில்லை, கிருமி ஒட்டும் என்று 2007லேயே இங்கே அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள் கழற்றியாச்சு. 2017இல் பார்லிமெண்டிலும் டை கட்டாயமில்லை என்று சபாநாயகர் சொல்லிவிட்டார். பேங்கில் கோடி கோடியாகப் புரட்டுகிறவனே காலரைத் திறந்துவிட்டுத் திரிகிறான். இப்போது கழுத்தை இறுக்கிக்கொண்டு நிற்பது யார்? கடைப் பையன், வாசல் காவலாளி, வீட்டுப் புரோக்கர். 1966இல் காமராஜர் ரஷ்யாவுக்கே வேட்டி சட்டையில் போய்வந்தார். நான் அவர் ஊர்க்காரன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் நிறம் பார்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும், கருநீல சூட்டுக்குக் கறுப்பு டையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் சட்டை, டை இரண்டையும் வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறேன். சிவகாசியில் நீங்கள் காலண்டர் ப்ரூஃபை மெஷினிலிருந்து எடுத்ததும் வெயிலுக்குக் கொண்டுபோய் லென்ஸை வைப்பீர்களே, சின்ன வயசில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான். எங்கே படித்தாய் என்று மேனேஜர் கேட்டார், எங்கள் மாமா பிரஸ்ஸில் என்றேன். ஒரே கஷ்டம், டிசம்பரில் இங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வாசலுக்குப் போனால் அங்கே வெளிச்சமே இருக்காது. அப்போதெல்லாம் உங்கள் பிரஸ் வாசல் வெயிலில் ஒரு கைப்பிடி கிடைத்தால் போதும் என்றிருக்கும்.

லீவு கிடைக்கவில்லை மாமா. இங்கேயும் இனி கல்யாண சீசன். யார் யாரோ மாப்பிள்ளைகளுக்குக் காலரைத் தூக்கி டை கட்டிவிடுவேன். நம் மாப்பிள்ளைக்கு யார் கட்டிவிடுவது என்று யோசித்தேன். நம் வீட்டில் எல்லோரும் கட்டியது கான்வென்ட் எலாஸ்டிக் டைதான். டையை 85 விதமாக முடிச்சுப் போடலாம் என்று கேம்பிரிட்ஜில் இரண்டு பிசிக்ஸ் ஆட்கள் 1999இல் கணக்கே போட்டிருக்கிறார்கள். நமக்கு ஒன்று போதும். டவுனில் மெடிக்கல் ரெப் யாராவது அகப்பட்டால் முந்தின நாளே போடச் சொல்லுங்கள். அப்படியே தளர்த்தி, தலைவழியாகக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். மறுநாள் மாலை மாதிரி போட்டு இழுத்துக்கொள்ளலாம். காலருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். மண்டபத்தில் ஏசி உண்டா என்று இன்னொரு தடவை கேளுங்கள். மே மாத வெயிலில் கோட்டும் டையுமாக அவன் மேடையில் நிற்பதை நினைத்தால் எனக்கே இங்கே வேர்க்கிறது.

டை என் கணக்கு. அரக்கில் மூன்று எடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறேன், எது சேரும் என்று தெரியவில்லை. சேலையின் போட்டோ அனுப்பாதீர்கள், போனுக்குப் போன் நிறம் மாறுகிறது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூல் கத்தரித்துத் தபாலில் போடுங்கள். அத்தை கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து.

அன்புடன்,
உங்கள் மருமகன்