தோட்டமா, வரையாடா?

16 எம்.எம். சினிமா கேமராவை சூப்பர் 16 ஆக மாற்றிவிட்டேன். நிக்கான் ஸ்டில் லென்ஸ் மாட்டினால் தேயிலைத் தோட்டம் முழுசும் ஃப்ரேமில் அடங்குமா?
*வாசகர், குன்னூர்*

தோட்டம் அடங்காது. முக்கூர்த்தியில் எட்டாத பாறைமேல் நிற்கும் வரையாடு அழகாக அடங்கும்! ஸ்டில் ஃப்ரேமின் அகலம் 36 மி.மீ., சூப்பர் 16-க்குப் பன்னிரண்டரைதான். உங்கள் 50 எம்.எம். லென்ஸ், ஸ்டில் கேமராவில் 144 எம்.எம். லென்ஸ் காட்டுகிற அளவையே காட்டும். ஆனால் மூலை கறுக்காது. பழைய 16 எம்.எம். லென்ஸ்கள் பலவும் அகலப்படுத்திய ஃப்ரேமில் மாட்டிக்கொள்வது அங்கேதான். நிக்கான் லென்ஸுக்கு ஃபிலிமிலிருந்து 46.5 மி.மீ. தூரம் வேண்டும், சி-மவுண்ட் கேமரா தருவது 17.5. நடுவே 29 மி.மீ. வளையம். அது துளி தடித்தாலும் தொட்டபெட்டா மங்கிவிடும், நல்ல லேத்காரரைப் பிடியுங்கள்.

ஃபிலிமை ஊட்டியிலேயே வாங்கலாமா?
*அதே வாசகர்*

செய்த ஊரிலேயே இல்லை! 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் எக்ஸ்ரே ஃபிலிமையும் இங்கிருந்துதான் நாடெங்கும் அனுப்பியது. ஆலை மூடியதை நம் நாட்டின் நஷ்டம் என்றே சொல்வேன். ஃபிலிம் பூசத் தெரிந்த கைகளை இனி எங்கே தேடுவது?