எங்கள் வீட்டின் தற்போதைய முகவரிகள்

பெறுநர்: பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிடும் மேன்மைமிகு குழுவினர், சென்னை.

பொருள்: செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குப் பாரம்பரிய அந்தஸ்தும் சில்லறை மாற்றம் ஒன்றுக்கு அனுமதியும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் ஐயாவின் ஐயா பர்மாவுக்குக் ‘கொண்டுவிக்க’, அதாவது தொழில் செய்ய, போய்ச் சம்பாதித்த காசில் கட்டிய வீடு இது. வாசல் ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று நேராக ஓடும். பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், ஆத்தங்குடி டைல். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர், சித்திரை வெயிலிலும் கை வைத்தால் சில்லென்று வழுக்கும்.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 2024இல். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் ஏறின. இன்னும் உத்தேசமாகவே இருக்கின்றன. இந்த நிதானத்தைக் குறை சொல்ல மாட்டேன். வீடு பழசானால்தானே மதிப்பு? கோப்பும் அந்தப் பக்குவத்துக்கு வர வேண்டாமா?

பழம்பொருள் வியாபாரிக்குத்தான் பொறுமை இல்லை. காலையில் பார்க்கிறார், மத்தியானம் விலை பேசுகிறார், இருட்டுவதற்குள் லாரி வந்துவிடுகிறது. ஆகவே, ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அலையாமல் இருக்க விவரம் தருகிறேன்:

தூண்கள்: கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றில், நீச்சல் குளத்தோரம். தாங்குவதற்கு மேலே ஒன்றுமில்லை.

வாசற்கதவு: பெங்களூரு வில்லா ஒன்றில் சாப்பாட்டு மேசை. செதுக்கிய லட்சுமிக்கு மேல் கண்ணாடி போட்டு இட்லி சாப்பிடுகிறார்கள்.

பெல்ஜியம் கண்ணாடி: பாரம்பரிய ஹோட்டல் ஒன்றின் கழிவறை.

எனாமல் தூக்குகள்: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றில். விலை படியவில்லை.

இந்த எல்லா முகவரிகளுக்கும் சேர்த்து ஒரே அந்தஸ்தாக வழங்கக் கோருகிறேன்.

சொந்த ஊரில் மிச்சம் இருப்பவை சுவர், முற்றம், பூட்டு. சாவி ஒன்று, பங்காளிகள் சிங்கப்பூர் முதல் சிகாகோ வரை. ஓடு மாற்றக் காசு கேட்டால் யாரும் போன் எடுப்பதில்லை. தூண் விற்ற காசுக்கு மட்டும் எல்லோரும் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

இனி, கோரும் மாற்றம் ஒன்றே ஒன்று: ஒழுகும் இடத்தில் ஓடு மாற்ற வேண்டும். பட்டியலில் ஏறிவிட்டால் அதற்கும் உங்கள் அனுமதி வேண்டியிருக்கும் என்கிறார்கள். பெறுகிறோம். ஐப்பசி மழையையும் அதுவரை காத்திருக்கச் சொல்லி ஓர் ஆணை பிறப்பித்தால் உதவியாக இருக்கும். இடித்தால் அபராதம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. இடியாமல் காக்கச் சுண்ணாம்புக்கும் கொத்தனாருக்கும் யார் பணம் தருவது என்று கேட்டால்தான் அறை அமைதியாகிவிடுகிறது.

பணம் இல்லையென்றால் பரவாயில்லை, வாசலில் ஒரு பெயர்ப்பலகையாவது மாட்டுங்கள். தேக்கில் மட்டும் செய்துவிடாதீர்கள். அதற்கும் பங்கு கேட்பார்கள்.

இப்படிக்கு,
பங்காளிகளில் ஒருவன்