உதைப்பது காலா, பரம்பரையா?

கேள்வி: என் கணவர் தூக்கத்தில் இரவு முழுக்க உதைக்கிறார். கேட்டால், "எங்கப்பாவும் இப்படித்தான், பரம்பரை" என்கிறார். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். மாமனார் மீது பழிபோட அறிவியலில் கொஞ்சம் இடமிருக்கிறது. தூக்கத்தில் பெரும்பாலும் 20 முதல் 40 விநாடிகளுக்கு ஒருமுறை கால் வெட்டியிழுக்கும் கோளாறை ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் ஆராய்ந்து, பிடிபிடி9 என்ற மரபணுவின் ஒரு வகைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக 2007-இல் அறிவித்தார்கள். கணுக்காலில் கருவி கட்டி எண்ணிய கணக்கு அது. மனைவிமாரின் புகாரை மட்டும் நம்பவில்லை. அந்த வகை உள்ளவர்களுக்கு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் ரத்தத்தில் குறைவாக இருந்தது. 2012-இல் பழ ஈக்களில் இதற்கிணையான மரபணுவை முடக்கிப் பார்த்தார்கள். ஈயின் தூக்கம் துண்டுதுண்டானது, மூளையில் டோபமைனும் குறைந்தது. ஈக்கு அப்பாவைச் சாக்குச் சொல்லத் தெரியாது என்பதால் இந்தச் சாட்சியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

"பரம்பரை என்றால் வைத்தியம் எதற்கு?" என்று அவர் மடக்கலாம். அங்கேதான் அவர் வாதம் நொண்டுகிறது. அந்த மரபணு வகை வெகு சாதாரணம். அதை வைத்துக்கொண்டே கட்டைபோல் தூங்குகிறவர்கள் ஏராளம். இரும்புச்சத்துக் குறைவு, சிறுநீரகக் கோளாறு, சில மனச்சோர்வு மருந்துகள் என்று காலை ஆட்டிவைக்க வேறு ஆட்களும் உண்டு. மரபணுவை மாற்ற முடியாது, ஃபெரிட்டினை ஏற்ற முடியும். அவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மருத்துவரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.