நுரையீரலைக் குத்திக்கொண்டு பிழைத்த ஆடுகள்

துருக்கிக்காரர்களுக்கு அங்கோரா ஆட்டை வெளியே விட மனமே இருந்ததில்லை. மொஹேர் என்ற மினுமினுக்கும் ரோமம் அந்த ஆட்டில்தான் வருகிறது. ஊருக்கு ஊர் அது பெருகிவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். 1838இல் ஹெண்டர்சன் என்ற பிரிட்டிஷ் கர்னல் ஒரு டஜன் கிடாக்களையும் ஒரே ஒரு பெட்டையையும் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனிக்குக் கொண்டுபோனார். கிடாக்களைப் புறப்படும் முன்பே யாரோ ‘கவனித்து’ அனுப்பியிருந்தார்கள். அத்தனை பேரும் பார்வைக்கு மாப்பிள்ளைகள், காரியத்துக்கு ஆகாதவர்கள். ஆனால் கவனித்த புண்ணியவான் பெட்டையைக் கவனிக்கவில்லை. அது சினையாயிருந்தது, ஈன்றதோ கிடாக்குட்டி. சுல்தானின் ராஜதந்திரத்தை முறியடித்த பெருமை அந்தத் தாய்க்கே சேரும். கேப்பின் மொஹேர் தொழில் தன் வம்சக் கதையை இன்றும் இந்தக் குட்டியிலிருந்துதான் தொடங்குகிறது.

பிறகு பண்ணையாளர்களுக்கு ஆசை பெருகியது. கப்பல் கப்பலாகத் துருக்கி ஆடுகளை வரவழைத்தார்கள். 1880-81 வாக்கில் வந்த ஆடுகள் ரோமத்தோடு இன்னொரு சரக்கையும் நெஞ்சுக்குள் சுமந்து வந்தன. கணக்கில் எழுதாத சரக்கு, சுங்கமும் இல்லை. ஆடுகள் இருமின, காய்ச்சலில் கொதித்தன, கழுத்தை நீட்டி மூச்சுக்குத் தவித்துச் செத்தன. அறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரல் மட்டும் ஈரல்போலக் கெட்டிப்பட்டிருக்கும். நெஞ்சுக்கூடு நிறைய வைக்கோல் நிறத்தில் நீர்.

இதே நோயை 1873இல் அல்ஜீரியாவில் தோமா என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்து எழுதியிருந்தார். விவரிப்பு பிரமாதம். முடிவுதான் கொஞ்சம் சறுக்கல்: இது தொற்றுநோய் அல்ல, சீதோஷ்ணத்தின் கோளாறு. காரணம் தெரியாத எதையும் பனியின் தலையில் கட்டுவது வைத்தியத்தின் பழைய வழக்கம். பனி மறுப்பு அறிக்கை விடாது.

கேப் காலனியில் டங்கன் ஹட்சன் என்ற கால்நடை டாக்டர் அப்போதுதான் அரசு வேலையில் சேர்ந்திருந்தார். பனியைக் குறை சொல்ல அவருக்கு வழியில்லை. நோய் ஆட்டோடு நடந்து பண்ணை பண்ணையாகப் போவது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. கிருமி எது என்று அவருக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்குமே தெரியாது. அவர் செய்தது இரண்டு காரியம். நோய் கண்ட ஆடுகளைக் கொல்லச் சொன்னார். அவற்றோடு பழகிய, இன்னும் இருமத் தொடங்காத ஆடுகளுக்கு, செத்த ஆட்டின் நுரையீரலில் ஊறிய நீரைக் குத்தச் சொன்னார்.

கேட்கவே அருவருப்பாக இருக்கிறதா? அன்றைக்கு அதுதான் நவீன விஞ்ஞானம். முன்னோடி, பெல்ஜியத்தின் ஹாசெல்ட் ஊர் டாக்டர் லூயி வில்லெம்ஸ். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கப் படித்தவர். ஆனால் அப்பாவோ சாராயம் காய்ச்சுபவர், காய்ச்சி மிஞ்சிய கழிவைத் தின்று கொழுத்த மாடுகள் தொழுவம் நிறைய. மாடுகளுக்கும் இதேபோல ஒரு நெஞ்சு நோய் உண்டு. அப்பாவின் மாடுகள் சாகச் சாக, பிள்ளைக்கு ஆராய்ச்சி பிறந்தது. நோயுற்ற நுரையீரலின் சாற்றை மாட்டின் வால் நுனியில் ஏற்றினார். 1852இல் முடிவை வெளியிட்டார். மாடுகள் பிழைத்தன. வால் வீங்கி அழுகி விழுந்த மாடுகளும் நிறைய. வாலா உயிரா என்று கேட்டால் மாடு என்ன சொல்லும்? ஈ ஓட்ட மட்டும் கஷ்டப்பட்டிருக்கும். அந்த மாட்டு நோயும் 1853இல் ஹாலந்துக் காளைகளோடு கப்பலேறி கேப்புக்கு வந்திருந்தது. ஆகவே அந்தப் பக்கத்து விவசாயிக்கு ‘நோயை நோயால் குத்துவது’ புதிய சங்கதி இல்லை.

1881இல்தான் பிரான்ஸில் லூயி பாஸ்டர் ஊர் கூட்டி, பத்திரிகைக்காரர்களை நிற்க வைத்து, அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி வித்தை காட்டினார். அந்த மேடையில் செம்மறிகளோடு இரண்டு வெள்ளாடுகளும் இருந்தன: ஊசி போட்டது பிழைத்தது, போடாதது செத்தது. பாஸ்டருக்குச் சிலை வைத்தார்கள். ஹட்சனுக்குக் கிடைத்தது பண்ணையாளர்களின் முணுமுணுப்பு. பணம் கொடுத்து வாங்கிய ஆட்டைக் கொல்லச் சொல்லும் டாக்டரை யாருக்குப் பிடிக்கும்? ஆனால் கேப்பிலிருந்து அந்த நோய் அடியோடு ஒழிந்தது. கிருமியின் பெயர், முகவரி, எதுவும் தெரியாமலே.

இனிதான் வேடிக்கை. இருபதாம் நூற்றாண்டில் நுண்ணோக்கியும் கண்ணாடிக் குப்பிகளுமாக நிபுணர்கள் வந்தார்கள். நெஞ்சு நோய் கண்ட ஆடுகளிலிருந்து ஒரு மைக்கோபிளாஸ்மாவைப் பிடித்து, இவன்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதினார்கள். மைக்கோபிளாஸ்மா என்பது செல்சுவரே இல்லாத பாக்டீரியா. சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துக் கொல்லும் பென்சிலின், இடிக்கச் சுவரில்லாமல் இதனிடம் தோற்றுப்போகும். பிடிபட்டவன் பெயர் ‘காப்ரி’. பெயரிலேயே ஆடு இருக்கிறது, இதற்குமேல் சாட்சி எதற்கு? அவனை வைத்துத் தடுப்பூசியும் தயாரித்தார்கள். ஊசி போட்ட ஆடுகள் ஊசியைப் பொறுத்துக்கொண்டன; பிறகு பழையபடி இருமின. அண்ணன் திருடியதற்குத் தம்பியை உள்ளே தள்ளிவிட்டுத் தெருவில் திருட்டு ஏன் குறையவில்லை என்று யோசித்த இன்ஸ்பெக்டர் கதைதான். தம்பியும் யோக்கியன் இல்லை. நுரையீரலோடு மூட்டையும் மடியையும் கெடுப்பவன். அண்ணனோ நெஞ்சைத் தாண்டி எங்கும் போகாத ஒழுக்கசீலன்.

அண்ணன் பிடிபடாததற்குக் காரணம் அவனுடைய சாப்பாட்டுக் கெடுபிடி. சாதாரண வளர்ப்பூடகத்தைத் தொடமாட்டான். தொட்டாலும் ஆமை வேகம். அதற்குள் தம்பி தட்டு முழுக்கப் பரவிவிடுவான். 1976இல் கென்யாவில் மெக்கோவன், மினெட் என்ற இருவர் ஒருவழியாக அவனை வளர்த்தெடுத்து எஃப்38 என்று கைதி எண் கொடுத்தார்கள். முறையான பெயர் சூட்ட 1993 ஆயிற்று: மைக்கோபிளாஸ்மா காப்ரிகோலம், துணைச்சிற்றினம் காப்ரிநிமோனியே. பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஆடு இரண்டு தரம் இருமிவிடும்.

1980களில் அதே கென்யாவில் ருராங்கிர்வா குழுவினர் சரியான ஆளை வைத்துத் தடுப்பூசி செய்தார்கள். கிருமியைக் கொன்றது சபோனின் என்ற நுரைக்கும் தாவரப் பொருள். நம் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது இந்த வகைப் பொருளால்தான். சபோனினுக்கு இன்னொரு குணமும் உண்டு: செத்த கிருமியைப் பார்த்தாலும் ஆட்டின் உடம்பை உசுப்பிவிடும். ஒரு வருஷத்துக்குமேல் பாதுகாப்பு நின்றது.

இது வெள்ளாட்டை மட்டும் தாக்கும் நோய் என்று புத்தகங்கள் எழுதிவைத்திருந்தன. 2012இல் திபெத்தின் காட்டு மான்கள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. நுரையீரலில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அந்த உயரத்தில், அந்தக் குளிரில், அந்த மானைத் துரத்திப் பிடித்து ஊசி போட இன்னும் யாரும் விண்ணப்பிக்கவில்லை.